நங்கூரம் பாய்ச்சத் தெரிந்தவர்கள்



சிலிபினில் கடல் இல்லை. ஈயமும் இரயில் பாதையும் சுற்றுவட்டார இரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த மண் இது. கடல் பார்க்க வேண்டுமானால் ஈப்போவிலிருந்து லூமுட் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆகவே கல்விச் சுற்றுலா என்று எங்கள் மாணவர்களை லூமுட்டுக்கு அழைத்துச் செல்லும் நாள், அவர்களுக்குத் தீபாவளிக்கு அடுத்த திருநாள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் இக்கட்டுரைக்கான வித்து விழுந்தது. படகுத்துறையில் நின்று, எதிரே தெரிந்த பங்கோர்த் தீவைச் சுட்டிக்காட்டி, 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவ்வுடன்படிக்கை எந்த மாளிகையிலும் கையெழுத்தாகவில்லை; தீவருகே நங்கூரமிட்டிருந்த ‘புளூட்டோ’ என்னும் நீராவிக் கப்பலில்தான் பேராவின் தலைவிதி எழுதப்பட்டது என்று சொன்னேன். மாணவர்களின் கவனம் என்னிடம் இல்லை. நீரிணையின் நடுவே தனியாக நின்ற ஒரு சிறு பாய்மரப் படகையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தனர். நீலத்தில் மஞ்சள் சிலுவையிட்ட கொடி அதன் பின்புறம் பறந்தது. சுவீடன் நாட்டுக் கொடி.

“ஐயா, இவ்வளவு சின்னப் படகிலா அங்கேயிருந்து வந்தாங்க?” என்று ஒரு மாணவி வியந்தாள். “தண்ணி ஓடுதே, படகு மட்டும் எப்படி ஐயா அங்கேயே நிக்குது?” என்றான் இன்னொருவன். நங்கூரம் என்று விடை சொன்னேன். எப்போதும் பேசாத ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அப்போது கேட்டான்: “நம்ம ஆளுங்க இந்த மாதிரி ஓட்டியிருக்காங்களா ஐயா? இல்ல, கப்பல்ல ஏத்திவிட்டுத்தான் வந்தாங்களா?”

நான் தயங்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பெருமையோடு கூறினேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அவரு ராஜா, ஐயா. கப்பல ஓட்டுனது யாரு?” என்றான்.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்து வந்தது. அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எடையா, நீளமா?

முதலில் நங்கூரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது புரியாமல் பிற யாவும் புரியா.

நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துகிறது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மையில் நங்கூரத்தின் கொக்கி கடலடி மணலிலோ சேற்றிலோ கவ்விப் புதைந்துகொள்வதால்தான் படகு நிற்கிறது. கொக்கி புதைய வேண்டுமானால் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இழுப்பைக் கிடைமட்டமாக்குவது எது? கயிற்றின் நீளம். ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கயிறு விட வேண்டும் என்பது சிறு படகோட்டிகளின் பொது விதி. கனத்த சங்கிலியாக இருந்தால் அதைவிடக் குறைந்த நீளமும் போதும். சங்கிலியின் எடையே அதனைத் தரையோடு தாழ்த்தி வைத்துவிடும்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. லூமுட் போன்ற இடத்தில் ஓதத்தினால் நீர்மட்டம் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும் வேளையில் 4 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர்க் கயிறு விட்டவன், ஐந்து மடங்கு விட்டோம் என்று நிம்மதியாக உறங்குவான். நள்ளிரவில் நீர் ஏறி ஆழம் 7 மீட்டராகிவிட்டால், அதே கயிறு மூன்று மடங்குகூட இராது. அவன் அறியாமலே கொக்கி பெயரும், படகு நகரும். போதாக்குறைக்கு, மலாக்கா நீரிணையில் ‘சுமத்திரா’ என்றே பெயர் பெற்ற திடீர்ப் புயற்காற்று உண்டு. பெரும்பாலும் இரவிலோ விடியலுக்கு முன்போ மேற்கிலிருந்து பாய்ந்து வரும். நங்கூரத்தின் உண்மைத் தன்மை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கடலுக்குக் கடல் வித்தை வேறு. அந்தப் படகின் சொந்தக் கடலைப் பற்றிப் படித்தபோது வியப்பாக இருந்தது. ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த கடற்பகுதியில் மட்டும் ஏறத்தாழ முப்பதாயிரம் தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளனவாம். பால்டிக் கடலில் ஓதம் என்பது பெயருக்குத்தான். சில சென்டிமீட்டர் அளவே. எனவே அங்குள்ளோர் படகின் பின்புறத்திலிருந்து நங்கூரத்தை இட்டு, முன்புறத்தைப் பாறைக்கு நெருக்கமாகக் கொண்டுசென்று, பாறையிலோ மரத்திலோ கயிற்றைக் கட்டிவிடுவர். பாறைக்கு ஒரு முழத் தொலைவில் இரவெல்லாம் படகு அசையாமல் கிடக்கும். அவ்வழக்கத்தை நம் நீரிணையில் கையாண்டால், விடிவதற்குள் படகு பாறையில் தொங்கும்.

துறைமுகம் இல்லாத கரை

நம் முன்னோரின் கரை எப்படிப்பட்டது? சோழமண்டலக் கரையின் வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கோடு கிழித்தாற்போல் நேராக இருக்கும். மலையில்லை, குடாவில்லை, ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்பு கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று ஆளையும் பொருளையும் இறக்கி வரும். வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே நங்கூரமிட்டு நிற்பது உயிருக்கே கேடு. கடற்போரில் வல்லவர்களான ஆங்கிலேயரும்கூடத் தம் போர்க்கப்பல்களை அக்காலத்தில் அக்கரையிலிருந்து விலக்கிக்கொண்டனர்.

அத்தகைய கரையில் பிறந்து கடலோடியவனுக்குக் கப்பலைச் செலுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அறிவு மொழியிலே படிந்து கிடக்கிறது. காற்றை நாம் காற்று என்று மட்டும் சொல்லுகிறோம். கடலோடிக்கு வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்குக் காற்றை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம், அடிமரம் ஏரா, திசை திருப்புவது சுக்கான், பாய்மரக்கப்பலை நடத்துபவர் தண்டயல். ஆழத்தைக் கடலோடிகள் பாகத்தால் அளந்தனர். இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு கைந்நுனியிலிருந்து மறு கைந்நுனி வரை ஒரு பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு, பாகம் பாகமாக இழுத்து எண்ணுவர்.

‘நங்கூரம்’ என்ற சொல்லுங்கூடத் தனித்த சொல் அன்று. பாரசீகத்தின் ‘லங்கர்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. பல துறைகளில் பல மொழியினரோடு பழகியவர்களின் நாவில் உருண்டு வந்த சொல். நாம் கொடுத்த சொல்லும் உண்டு. தேசிய மொழிப் பாடத்தில் நம் மாணவர்கள் நாள்தோறும் எழுதும் ‘காப்பால்’, நம் ‘கப்பல்’தான். ஆங்கிலேயரின் ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம். ஒரு சொல் மற்றொரு மொழியில் குடியேற வேண்டுமானால் அதைச் சொன்னவர்கள் அங்கே நெடுங்காலம் நின்று பழகியிருக்க வேண்டும். படையெடுத்து வந்து ஓராண்டில் திரும்பியவர்களால் அது ஆகாது.

கல்லும் கடிதமும் சொல்பவை

என் மாணவனின் கேள்விக்கு மீண்டும் வருகிறேன். கப்பலை ஓட்டியது யார்?

1025ஆம் ஆண்டு நடைபெற்ற கடாரப் படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டுப் பறைசாற்றுகிறது. வென்ற ஊர்களின் பட்டியல் அதில் உண்டு. சுக்கான் பிடித்தவன் பெயர் இல்லை. மெய்க்கீர்த்திகளின் இயல்பு அது. மேலும், அது ஒரு போர். கொள்ளையும் அழிவும் அதன் பகுதிகள். கடாரத்து மக்களின் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் மலேசிய மண்ணில் வாழும் நாம் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வேறொரு கல்வெட்டு இருக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அது. காலம் 1088. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வெட்டியது. அதில் ‘மரக்கல நாயன்’, அதாவது கப்பல் தலைவன், கொடுக்க வேண்டிய பொன்னைப் பற்றிய முடிவு பதிவாகியுள்ளது. போரைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அயல்நாட்டுக் கரையில் வந்து நிற்கும் கடலோடி இன்ன முறைப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஓர் ஒழுங்கு. கடாரப் படையெடுப்புக்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தமிழ் மாலுமி இக்கடல்களில் வந்து போய்க்கொண்டிருந்தான் என்பதற்குக் கல்லே சான்று.

வழிகாட்ட இங்கும் ஒன்று உண்டு. வங்கக் கடலைக் கிழக்கு நோக்கிக் கடந்து வருபவன் கண்ணுக்கு முதலில் தட்டுப்படும் அடையாளங்களுள் ஒன்று கெடாவின் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம்; கடலோரத்திலேயே தனித்து நிற்பது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்கள் உள்ளன. தொலைவிலேயே தெரியும் மலையும், ஒதுங்கி நிற்க ஆற்று முகமும் ஓரிடத்தில் அமைந்ததனாலேயே அங்குத் துறை எழுந்தது. தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள் வடகிழக்குக் காற்று திரும்பும் வரை காத்திருந்து ஊர் திரும்பினர். காத்திருந்த அந்த மாதங்களில்தான் சொற்கள் குடியேறின.

இவ்வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. பினாங்கைத் தோற்றுவித்த பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய குறிப்பில், சோழமண்டலத் துறைகளிலிருந்து வரும் சூலியர்களைப் பற்றிக் கூறியிருக்கிறார். அக்கரையின் கப்பல்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவருகின்றன. அவர்கள் வணிகமும் உழைப்பும் செய்து சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். வேறு பலர் அவர்கள் இடத்துக்கு வருகின்றனர் என்பது அதன் சாரம். நீராவிக் கப்பல் தோன்றுவதற்கு முந்திய காலம் அது. வந்தவை யாவும் பாய்மரங்களே.

சங்கிலி இறங்கிய ஓசை

பிறகு வந்தது வேறு காலம். என் பாட்டனார் வந்த காலம்.

என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பாட்டனார் கங்காணி முறையில் நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பல் ஏறி வந்தவர். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவுக்கு 1910இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே பெருவழக்காக இருந்தது. தளத்தில் பாய் விரித்த பயணம். வழியெல்லாம் வாந்தி. கடலைப் பற்றிக் கேட்டால் பாட்டனார் ஒன்றுதான் சொல்வார்: “பினாங்குல சங்கிலி எறங்குச்சு பாரு, கடகடன்னு, கப்பலே ஒடஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்.” அவர் கேட்டது நங்கூரச் சங்கிலியின் ஓசை. அது நங்கூரம் என்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. உள்நாட்டு வேளாண் ஊரிலிருந்து வந்தவர் அவர். நங்கூரத்தை இறக்கியதில் அவருக்குப் பங்கில்லை. இறக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

நம் குடும்பங்கள் பலவற்றின் கடற்கதை இதுதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வகுப்பறையில் என்ன நிகழ்கிறது? ஒருபுறம் கடாரம் கொண்ட பேரரசன். மறுபுறம் தளத்தில் சுருண்டு கிடந்த கூலி. இவ்விரண்டையும் சொல்லிவிட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இடையில் தொள்ளாயிரம் ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ‘ஏத்திவிட்டுத்தான் வந்தாங்களா’ என்று அந்த மாணவன் கேட்டது அந்த வெறுமையிலிருந்துதான்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு கப்பல்

நீராவி வந்த பிறகும் தமிழ்க் கடலோடிகள் மறைந்துவிடவில்லை. அதற்கு ஒரு சான்று கூறுகிறேன்.

யாழ்ப்பாணத்தின் வட கரையில் வல்வெட்டித்துறை என்றோர் ஊர். பேரா மாநிலத்தவர்க்கு யாழ்ப்பாணம் அயலூர் அன்று. 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங் – போர்ட் வெல்ட் இரயில் பாதையை அமைத்ததில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும்பங்குண்டு. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் யாழ்ப்பாணத்தார் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. வல்வெட்டித்துறையினர் தம் ஊரிலேயே கப்பல் கட்டி, இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓட்டி, அரிசியும் மரமும் கொணர்ந்தவர்கள். அவர்கள் கட்டிய கப்பல்களுள் ஒன்று ‘அன்னபூரணி’. இரண்டு பாய்மரங்கள், 89 அடி நீளம், 19 அடி அகலம். ஊரில் வளர்ந்த வேப்பமரத்தில் கட்டியது என்பர்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் கண்ணில் அக்கப்பல் பட்டது. அவர் பொழுதுபோக்கும் செல்வர் மட்டும் அல்லர். 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்னும் 32 அடிப் படகில் உலகையே சுற்றி வந்தவர். சின்னஞ்சிறு படகில் எண்ணற்ற கரைகளில் நங்கூரமிட்டு உறங்கிய மனிதர். மரமும் கட்டுமானமும் எப்படியிருந்தால் கடல் பொறுக்கும் என்பதைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர். அத்தகையவர் அன்னபூரணியை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். எந்த விருதையும்விட உயர்ந்த நற்சான்று அது என்றே நான் கருதுகிறேன்.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அமெரிக்கத் தலைவர் ஒருவரின் கீழ், தண்டயல் தம்பிப்பிள்ளை உள்ளிட்ட தமிழ்க் கடலோடிகள் ஐவர் அப்பணியை ஏற்றனர். சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் ஜிப்ரால்டரையும் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, பெர்முடா வழியாக 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர்த் துறையை அடைந்தனர். குளோஸ்டர் பாய்மரக் கப்பல்களுக்குப் பெயர்போன பழைய மீன்பிடித் துறை. கப்பலைப் பார்த்த மாத்திரத்தில் நல்லது தீயது சொல்லத் தெரிந்தவர்கள் வாழும் ஊர்.

1938 என்ற ஆண்டை நீங்கள் முன்பே அறிந்திருப்பீர்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் கூலியாள் அனுப்புவதைத் தடை செய்தது. ஜூனில், என் பாட்டனாரைப் போன்றவர்களைச் சுமந்துவந்த முறை முடிவுக்கு வந்தது. ஆகஸ்டில், ஐந்து தமிழர்கள் தம் ஊரார் கட்டிய கப்பலை அமெரிக்கத் துறை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினர். இரண்டும் ஒரே மொழி பேசிய மக்களின் கதைகள். இரண்டுக்கும் இடையே ஏழு வாரம்கூட இல்லை.

பெருமை பேசும்போது உண்மையை விட்டுவிடலாகாது. அன்னபூரணி அமெரிக்கா சென்றது வேறு பெயரில், வேறொருவர் உடைமையாக. அந்த ஊரின் பாய்மரத் தொழிலும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. நீராவியும் இயந்திரமும் போரும் சட்டங்களும் அதை ஒடுக்கின. தூத்துக்குடித் தோணிகள் பல ஆண்டுகள் பாய்விரித்துக் கொழும்புக்கு ஓடின; அவையும் பின்னர் இயந்திரத்துக்கு மாறின. மேலும், அந்த ஐவர் என் பாட்டனாரின் உறவினரும் அல்லர். அவர்களின் திறமையை நான் என் குடும்பச் சொத்தாக உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவர்கள் பேசிய மொழியைத்தான் என் மாணவர்கள் பேசுகிறார்கள். அணியம், அமரம், பாகம், சோளகம் என்ற சொற்கள் அவர்களுக்கு எவ்வளவு உரிமையோ, சிலிபின் பிள்ளைகளுக்கும் அவ்வளவு உரிமை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்குச் சில கருத்துகளைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: பள்ளித் திடலில் ஒரு நீண்ட கயிற்றைக் கொடுத்து மாணவர்களைப் பாகத்தால் அளக்கச் சொல்லுங்கள். குட்டைக் கை உள்ளவனின் பாகமும் நெட்டைக் கை உள்ளவளின் பாகமும் வேறுபடுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கணிதமும் வரலாறும் ஒரே பாடவேளையில் நடந்துவிடும். நான் செய்து பார்த்தேன். மணி அடித்த பிறகும் அவர்கள் கலையவில்லை.

இரண்டு: ஒரு தோட்டக் கொக்கியை மணலில் இட்டுக் கயிற்றால் இழுக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு மேல்நோக்கி இழுத்தால் கொக்கி பெயர்ந்து வரும். தரையோடு தாழ்த்தி, தொலைவிலிருந்து இழுத்தால் புதையும். அதை விளக்க எந்தப் பாடநூலும் வேண்டியதில்லை.

மூன்று: வரலாற்றுப் பாடத்தில் கடாரத்தைக் கற்பிக்கும் நாளன்று, பாருஸ் கல்வெட்டின் மரக்கல நாயனையும் அன்னபூரணியின் ஐவரையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால், தம் தாய் தந்தையர் எந்தத் துறையில் கப்பல் ஏறினர், எங்கே இறங்கினர், எதைக் கண்டனர், எதைக் கேட்டனர் என்று தாங்கள் கேள்விப்பட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கப்பலில் வந்தவர்களை நேரில் கேட்டறிந்தவர்களும் இப்போது குறைந்து வருகின்றனர். என் பாட்டனாரிடம் அந்தச் சங்கிலி ஓசையைத் தவிர வேறொன்றையும் நான் கேட்டு வைக்கவில்லை. என்ன கப்பல், எந்த ஆண்டு என்றுகூடத் தெரியாது. கேட்கும் வயதில் கேட்கவில்லை.

மாணவனுக்கு என் விடை

அடுத்த வாரம் அந்த மாணவனை அழைத்து, இதுவரை எழுதியவற்றை அவனுக்கு ஏற்ற சொற்களில் சொன்னேன். ஓட்டியவர்களும் உண்டு, ஏற்றிவிடப்பட்டவர்களும் உண்டு. இருவருமே நம்மவர் என்றேன். நங்கூரத்துக்கு ஏன் அவ்வளவு நீளக் கயிறு வேண்டும் என்பதையும் விளக்கினேன்.

விளக்கும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டிருக்கும் வரலாற்றுக் கயிறு குட்டையானது. தோட்டம் என்ற ஒற்றை ஆழத்துக்கு மட்டும் அளந்து விட்டிருக்கிறோம். நீர் வற்றியிருக்கும்போது அது போதும் போலத்தான் தோன்றும். இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, “நீ எங்கிருந்து வந்தாய்?” என்று யாரேனும் கேட்கும் நாளில் நீர் ஏறும். அப்போது குட்டைக் கயிறு பிடுங்கிக்கொள்ளும். அரசனின் பெயர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும், எடை மட்டும் படகை நிறுத்திவிடாது.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ அந்தத் தண்டயலுக்கு இங்கிலீஷ் தெரியுமா ஐயா?” என்றான். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. தேடிச் சொல்கிறேன் என்று கூறியிருக்கிறேன்.

 

சிலிபினிலிருந்து,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்